நாம், நாங்கள்

பதாகைக்கு வாசகம் எழுதுவது எங்கள் கல்லூரியில் தமிழ்த்துறையின் வேலை. பொங்கல் விழா, இரத்ததான முகாம், மகளிர் தினம் எதுவானாலும் முந்தைய நாள் மாலை யாராவது ஒருவர் வந்து நிற்பார்: "அம்மா, ரெண்டு வரி எழுதிக் குடுங்க." மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடத்தப் போனபோதும் அப்படித்தான். பருவநிலை மாற்றம், கடல்வளம் என்பது முகாமின் பொருள். "கடல் நம் தாய். நாம் அவளைக் காயப்படுத்த வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஃப்ளெக்ஸில் அச்சாகி, நீல நிறப் பின்னணியில் ஒரு ஆமைப் படத்தோடு வந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். நகரத்திலிருந்து வந்திருந்த சூழலியல் பேச்சாளர் திரையில் படங்களைக் காட்டினார். உருகும் பனிப்பாறை, மெலிந்த பனிக்கரடி, வெள்ளத்தில் மூழ்கிய தெரு, கடைசியாக எலும்பைப் போல வெளுத்து நின்ற பவளப்பாறை. நல்ல மனிதர், அக்கறையோடு பேசினார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே முடிவு: "நாம் கெடுத்துவிட்டோம். இனியாவது நாம் திருந்த வேண்டும்." கூடத்தின் பின்பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்று கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள். சிலருக்குத் தலைமுடி இன்னும் காயவில்லை.

கூட்டம் முடிந்து மாணவிகள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா என்னிடம் வந்தார்.

"டீச்சர், அந்தப் பேனர்ல உள்ளத எழுதுனது நீங்களா?"

ஆமாம் என்றேன். அவர் கையை விரித்துக் காட்டினார். விரல் நுனிகளில் பாறை கிழித்த தழும்புகள், அவற்றின் மேல் புதிய கீறல்கள். "காயம் எங்களுக்குல்ல ஆகுது" என்றார். பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பார் வெளுத்தது எங்களுக்குத் தெரியும் டீச்சர். மொதல்ல பாத்ததே நாங்கதான். அது ஏன் வெளுத்துச்சு, அதக் கேக்கத்தான் வந்து உக்காந்தோம். அவுக 'நாம கெடுத்துட்டோம், நாம கெடுத்துட்டோம்'ங்கிறாக. நாமன்னா யாரு? எங்களயும் சேத்துத்தான் சொல்றாகளா?"

பதினெட்டு வருடமாக இலக்கணம் நடத்துகிறேன். அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை.

*

தன்மைப் பன்மையில் தமிழுக்கு இரண்டு சொற்கள் உண்டு என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். கேட்பவரை விலக்கிச் சொன்னால் நாங்கள். பழைய தமிழில் நாம், யாம். சேர்த்துக்கொள்வதை உளப்படுத்துதல் என்பார்கள் இலக்கணக்காரர்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட ஒரே சொல்தான் இருக்கிறது. கேட்பவர் அதற்குள் இருக்கிறாரா இல்லையா என்பதைச் சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். தமிழில் அந்த வசதி கிடையாது. வாயைத் திறக்கும் முன்பே, கேட்பவரை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும்.

சூழல் பற்றிய நம் பாடங்களும் துண்டறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வருகின்றன. அந்த ஒற்றைச் சொல் தமிழாகும்போது யோசனையே இல்லாமல் 'நாம்' ஆகிவிடுகிறது. 'நாம்' என்பதில் ஒரு பணிவு இருக்கிறது. பேசுகிறவர் தன்னையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வது போலத் தெரிகிறது. அதனால்தான் அதைச் சந்தேகப்பட எனக்கு இத்தனை காலம் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கூண்டுக்குள் அவர் தன்னோடு சேர்த்து வேறு யாரை இழுத்துக்கொண்டு ஏறுகிறார் என்று பார்க்க வேண்டும். நிலக்கரியால் ஓடிய தொழிற்சாலையின் முதலாளியும், குளிரூட்டிய அறையில் விடைத்தாள் திருத்தும் நானும், மூச்சை அடக்கிக் கடலுக்குள் முங்கிப் பாசி பறிக்கிறவரும் ஒரே 'நாம்'. குற்றம் எல்லோர் மேலும் சமமாகப் பரவும்போது, அதிகம் சுமக்க வேண்டியவரின் பங்கு குறைந்துபோகிறது. குறைவாகச் சுமக்க வேண்டியவரின் பங்கு கூடிவிடுகிறது.

இயற்கையைக் கற்பிப்பதன் வழியாகப் பருவநிலை மாற்றத்தை மக்களிடம் சொல்வது நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைச் சொல்லும்போது நான் யாரை உளப்படுத்துகிறேன் என்பதுதான் என் கேள்வி. அறம் சார்ந்த கேள்வி என்று அதைக் கருதுகிறேன்.

*

சுற்றுச்சூழல் கல்வி நம் கல்லூரிகளுக்குள் வந்தது நீதிமன்றத்தின் வழியாக. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003இல் மறுபடி வலியுறுத்தியது. பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளங்கலைப் படிப்புகளுக்கும் பொதுவாக ஓர் ஆறுமாதப் பாடத்தை வகுத்தது. நோக்கம் பெரியது. நடைமுறையில், எந்தத் துறை ஆசிரியருக்கு வாரத்தில் மணிநேரம் குறைகிறதோ அவர் தலையில் அந்தத் தாள் விழும். அப்படித்தான் குறுந்தொகை நடத்த வந்த நான் ஓசோன் படலமும் நடத்தினேன்.

தமிழ் ஆசிரியை என்பதால் இன்னொரு வேலையும் சேர்ந்தது. 'சங்க இலக்கியத்தில் சூழலியல்' என்று பேசக் கூப்பிடுவார்கள். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று தொடங்குவேன். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெடும்போது பாலையாகின்றன என்ற சிலப்பதிகாரச் செய்தியைச் சொல்லி, பருவநிலை மாற்றத்தை அன்றே நம்மவர் அறிந்திருந்தார்கள் என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். கோடையில் வாடி மழையில் தளிர்க்கும் நிலத்தைப் பற்றிய அறிவும், நிலக்கரிப் புகையால் கடலே சூடாவதைப் பற்றிய அறிவும் வேறு வேறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு கேட்பவருக்கு இதமாக இருந்தது. எனக்கும் இதமாக இருந்தது. நெய்தல் நிலத்து மக்களின் இன்றைய பிள்ளைகள் என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் அவர்கள் கடலைப் பற்றி நான் எதையும் கேட்டதில்லை.

அவர்களில் ஒருத்தி முகாமுக்கும் வந்திருந்தாள். அந்தக் கரையைச் சேர்ந்த பெண். அக்கா என்னிடம் பேசிவிட்டுப் போன இரவு, சாப்பாட்டுத் தட்டைக் கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, போன செமஸ்டர் டெஸ்ட்ல பவளப்பாறை அழிவதற்கான காரணங்கள்னு ஒரு கேள்வி கேட்டிருந்தீங்க. உள்ளூர் மக்கள் பாசி எடுக்கிறதுதான் மொதல் காரணம்னு நோட்ஸ்ல இருந்தத எழுதினேன். அஞ்சுக்கு அஞ்சு போட்டீங்க. எங்கம்மாவும் பாசிதான் எடுக்குறாங்க."

தன் தாயைக் குற்றம் சொல்லி அந்தப் பிள்ளை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது. அந்தக் குறிப்பைக் கொடுத்ததும் மதிப்பெண் போட்டதும் நான்.

*

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள், கடற்புல் வெளிகள், கடற்பாசி. 1986இல் அந்தத் தீவுப் பகுதி கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமானது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பாசி எடுத்துவந்த பெண்கள், அந்த அறிவிப்புக்குப் பிறகு தாங்கள் வழக்கமாகப் போகும் இடத்துக்குள் அத்துமீறி நுழைகிறவர்களாக ஆனார்கள்.

அவர்கள் வேலையை நான் முகாமில்தான் முதல்முறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விடியும் முன் வள்ளத்தில் கிளம்புகிறார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணிக் கிழிசல், இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி முங்கிப் பாறை இடுக்கில் கைவிட்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். காயவைத்து விற்கிற அந்தப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள். நோன்புக் காலத்தில் நாம் விரும்பிச் சாப்பிடும் கடல்பாசி இனிப்பு அகரில் செய்வதுதான். கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் கண்ணாடித் தட்டில் கிருமி வளர்க்கும் கூழும் அகர்தான். சூழலைக் காப்பது எப்படி என்று நான் பாடம் நடத்தும் கட்டடத்துக்குள்ளேயே அவர்களுடைய உழைப்பு பெயரில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

வரைமுறை இல்லாமல் பாசி எடுத்தால் கடலுக்குக் கேடு என்பது உண்மை. அதை அவர்களே சொன்னார்கள். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் போவதில்லை என்று அவர்களே கூடி முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியையும் விட்டுவிடுகிறார்கள். வேரோடு பிடுங்கக் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு. இதற்காகப் பாடுபட்ட சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது. வருமானத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு ஒரு வளத்தைக் காப்பாற்றும் முடிவை என் வாழ்க்கையில் நான் ஒருமுறைகூட எடுத்ததில்லை. அந்தப் பெண்களிடம் போய் "இனியாவது திருந்துவோம்" என்று சொல்லியிருக்கிறோம்.

அவர்களுக்குத் தெரிந்தது அதோடு நிற்கவில்லை. கொண்டல், வாடை, சோழகம், கச்சான் என்று காற்றுக்கு அவர்களிடம் பெயர்கள் இருக்கின்றன. எந்தக் காற்றில் கடல் கலங்கும், எதில் தெளியும், எது முன்னைப் போல உரிய காலத்தில் வருவதில்லை என்று பேசுகிறார்கள். தண்ணீருக்குள் சூடு தெரிகிறது என்கிறார்கள். முன்பு கழுத்தளவு நீரில் கிடைத்த பாசிக்கு இப்போது ஆழத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்கிறார்கள். இவையெல்லாம் பருவநிலை மாற்றத்தின் பதிவுகள். அவை எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் என்னைப் போன்றவர்களுக்கு ஓர் ஆசை வருகிறது. 'இவர்களுக்கு எல்லாம் தெரியும், நாம் கற்பிக்க ஒன்றுமில்லை' என்று வணங்கி ஒதுங்கிவிடும் ஆசை. அதுவும் தப்பித்தல்தான். அந்த அக்கா தனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லவில்லை. 'ஏன்' என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அறிவியலிடம் தெளிவான பதில் இருக்கிறது. அதை அவருக்குச் சொல்லாமல் பனிக்கரடியைக் காட்டினோம்.

பதில் இதுதான். பவளம் ஒரு சிறிய உயிர். அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கி உணவு செய்து பவளத்துக்கும் கொடுக்கிறது. பவளத்தின் நிறம் பெரும்பாலும் அந்தப் பாசியின் நிறம். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிடக் கடல் ஒரு பாகை கூடுதலாகச் சில வாரம் தொடர்ந்து கொதித்தால் பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. அப்போது வெறும் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. அதுதான் வெளுப்பு. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பலாம். இல்லாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பெரிய வெளுப்புகள் நடந்தன. 2016க்குப் பிறகு உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்குக் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பாசி போனதால்தான் பார் செத்தது என்று சொன்னால், பாசி எடுக்கும் பெண்களுக்குப் புரியாமல் போகுமா?

*

கடல் ஏன் கொதித்தது என்பதற்கான முதல் தடயம் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் யூனிஸ் நியூட்டன் ஃபூட், கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி, உள்ளே வெப்பமானிகளை வைத்து வெயிலில் நிறுத்தினார். இன்று கார்பன் டை ஆக்சைடு என்று நாம் சொல்லும் வாயு இருந்த உருளை மற்றவற்றைவிட அதிகம் சூடானது. ஆறவும் நெடுநேரம் பிடித்தது. இந்த வாயு காற்றில் கூடினால் பூமியும் சூடாகும் என்று அவர் எழுதினார். ஆண்டு 1856. அந்தக் கட்டுரை அறிவியலாளர் மாநாட்டில் படிக்கப்பட்டபோது படித்தவர் அவரல்ல, ஜோசஃப் ஹென்றி என்ற ஆண் விஞ்ஞானி. மூன்றாண்டு கழித்து ஆய்வைத் தொடங்கிய ஜான் டிண்டாலின் பெயர் பாடநூல்களில் நிலைத்தது. 2011இல் ஓய்வுபெற்ற நிலவியலாளர் ஒருவர் எடுத்துக்காட்டிய பிறகே ஃபூட்டின் பெயர் பரவலாகத் தெரிந்தது. பெண்ணுரிமைக்காக 1848இல் செனிக்கா ஃபால்ஸில் வெளியான பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவர்.

ஒரு பெண் கண்டதை இன்னொருவர் வாயால்தான் சபை கேட்கும் என்ற வழக்கம் அப்போதே இருந்தது. பார் வெளுத்ததை முதலில் பார்த்தவர்களைப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, அவர்களுக்கே அதைப் படம் காட்டிய எங்கள் கூட்டத்தில் அது தொடர்ந்தது. இரண்டு இடத்திலும் பேசியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

என் பதாகை வரியிலும் இதே கோளாறுதான். கடலைத் தாய் என்றேன். தாய் என்றதும் பொறுமை, தியாகம், கேட்காமல் கொடுப்பது எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. பெண்ணை இயற்கையோடும் இயற்கையைத் தாயோடும் சேர்த்துவிட்டால், காப்பாற்றும் வேலையும் பெண் தலையிலேயே விழும். துணிப்பை கொண்டுபோவது, தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்குவது, குப்பையைப் பிரிப்பது என்று நம் விழிப்புணர்வு அறிவுரைகளில் பெரும்பகுதி சமையலறையைப் பார்த்தே பேசுகிறது. பெண்களுக்கு இயற்கையோடு பிறவியிலேயே ஓர் உறவு இருக்கிறது என்ற கருத்தைப் பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரையில் மறுத்தார். விறகுக்கும் தண்ணீருக்கும் நடப்பவள் யார், நிலம் யார் பெயரில் இருக்கிறது, முடிவெடுக்கும் சபையில் யார் உட்காருகிறார்கள் என்பவற்றிலிருந்தே அந்த உறவு உருவாகிறது என்றார். அந்த அக்காவுக்கும் கடலுக்கும் இருப்பது தொழில் உறவு. அதில் அன்பும் உண்டு, பயமும் உண்டு, விரலில் காயமும் உண்டு. தாய் என்ற ஒரு சொல்லால் அத்தனையையும் மூடப் பார்த்தேன்.

*

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாகப் பார்க்க வேண்டும். இயற்கைக் கல்வி பற்றி எழுதிய டேவிட் சோபல் 1996இல் ஓர் எச்சரிக்கை செய்தார். சின்னப் பிள்ளைகளிடம் காடழிவையும் உலகத்தின் முடிவையும் சொன்னால் அவர்கள் இயற்கையைக் கண்டு அஞ்சி விலகிவிடுவார்கள், முதலில் மரமும் ஓடையும் பழகட்டும், துயரச் செய்தி பிறகு வரட்டும் என்றார். இதில் உண்மை இருக்கிறது. என் மகளுக்கு எட்டு வயதானபோது நானும் அப்படித்தான் செய்தேன். மொட்டைமாடியில் அணில் காட்டினேன், உலக வெப்பத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் அப்படித் தள்ளிப்போட எனக்கு வசதி இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த இரவில் கூரை பறந்த வீட்டுப் பிள்ளைக்கு யார் தள்ளிப்போட்டார்கள்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது அங்கிருந்த பிள்ளைகளுக்குச் செய்தி முதலில் வந்துவிட்டது. எந்தப் புயலையும் மழையையும் தனியாக எடுத்து இது பருவநிலை மாற்றம் என்று முத்திரை குத்துவது சரியில்லை. சூடான கடல் புயலுக்கு அதிக வலுவும் காற்றுக்கு அதிக ஈரமும் தருகிறது என்பது நிச்சயம். அதை அனுபவித்த பிள்ளையிடம் 'முதலில் இயற்கையை நேசி' என்று தொடங்கினால் அவளுடைய அனுபவத்தைக் கேலி செய்வதாகும். அவளுக்குத் தேவை ஏன் என்ற விளக்கம், 'உன்னால் அல்ல' என்ற உறுதி.

இங்கே குற்றத்தையும் பொறுப்பையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. அரசியல் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங் இந்தப் பிரிவினையைத் தெளிவாகச் செய்தவர். அவர் மறைந்த பிறகு 2011இல் வெளியான நூலில், அநீதி விளையும் ஓர் அமைப்பில் பங்கெடுக்கும் எல்லோருக்கும் அதை மாற்றும் பொறுப்பு உண்டு, ஆனால் அந்தப் பொறுப்பு ஒரே அளவானது அல்ல என்றார். அதிகாரம், வசதி, அதனால் அடைந்த பலன் ஆகியவற்றுக்கு ஏற்ப அது கூடும், குறையும். பாதிக்கப்பட்டவர்களுக்கும் போராடும் பங்கு உண்டு என்றார். அதைக் குற்றச்சாட்டாக அவர் சொல்லவில்லை.

கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆண்டுக்கு ஓர் அமெரிக்கர் கணக்கில் சுமார் 14 டன், ஓர் இந்தியர் கணக்கில் சுமார் 2 டன். அந்த இரண்டு டன்னுக்குள்ளும் நான் வேறு, அந்த அக்கா வேறு. என் வீட்டில் குளிர்சாதனம் இருக்கிறது, கார் இருக்கிறது. கருத்தரங்குக்கு விமானத்தில் போகிறேன். அமெரிக்காவைக் காட்டி நான் அவருடைய 'நாங்கள்'-க்குள் ஒளிந்துகொள்ள முடியாது. அந்த வளைகுடாவின் கரையில் தூத்துக்குடியில் நிலக்கரி எரியும்போது வரும் மின்சாரத்தில் என் பங்கு அவருடையதைவிடப் பல மடங்கு.

ஆக, சரியான வாக்கியம் இதுவாக இருக்க வேண்டும்: நாங்கள் சூடாக்கினோம். பாதிப்பு முதலில் உங்களுக்கு வந்தது. இதை மாற்றும் வேலையில் நாம் சேரலாமா என்று உங்களைக் கேட்கிறோம். 'நாம்' என்பதைக் கடைசியில்தான் சொல்ல முடியும். அதுவும் கேள்வியாகத்தான்.

*

மறுவருடம் அதே ஊருக்குப் போனோம். திரை இல்லை, பேச்சாளர் இல்லை. முன்னதாக மாணவிகள் ஒரு வேலை செய்திருந்தார்கள். ஆளுக்கொரு நோட்டு. வீட்டிலோ தெருவிலோ மூத்த பெண் ஒருவரைக் கேட்டு, காற்று, மழை, மீன், பூ எது எந்த மாதம் வந்தது, இப்போது எப்போது வருகிறது என்று எழுதிவர வேண்டும். பாதிப் பேர் கடமைக்கு எழுதினார்கள். மீதிப் பேரின் நோட்டுகளில் எனக்குத் தெரியாத காற்றுகள் இருந்தன.

ஃபூட்டின் சோதனையைக் கடற்கரையில் செய்துகாட்ட இரண்டு கண்ணாடிப் புட்டிகளைக் கொண்டுபோயிருந்தோம். ஒன்றில் சோடா மாவும் வினிகரும் கலந்த வாயு, இன்னொன்றில் வெறும் காற்று. கடல் காற்று அடித்ததில் வெப்பமானிகள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே காட்டின. மாணவிகள் முகம் வாடிப்போனது. பெண்கள், "பரவாயில்ல, வாயால சொல்லுங்க" என்றார்கள்.

அந்தக் கரையைச் சேர்ந்த என் மாணவிதான் சொன்னாள். தன் ஊர்ப் பேச்சில், பவளத்துக்குள் குடியிருக்கும் பாசியை, பூமிக்கு மேல் கெட்டியாகிக்கொண்டே போகும் போர்வையை. எனக்கு அப்படிச் சொல்ல வந்திருக்காது. அவளுடைய அம்மா முன்வரிசையில் இருந்தார். போர்வையை யார் நெய்தது என்ற இடம் வந்ததும் அவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "அத டீச்சர் சொல்லுவாங்க" என்றாள்.

எழுந்து சொன்னேன். 'நாங்கள்' என்று தொடங்கி, எண்களோடு, என் வீட்டுக் குளிர்சாதனத்தையும் சேர்த்து. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. முதல் வருடம் கேள்வி கேட்ட அக்கா கேட்டார்: "அப்ப எங்க பைய மட்டும் ஏன் டீச்சர் புடிச்சு வைக்கிறாக?"

அதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருந்தது. காப்பாற்றப்பட வேண்டிய இடத்துக்கு வேலி போடும் சட்டத்தை நான் முழுதாக மறுக்க மாட்டேன். அந்த வேலி நிலக்கரிப் புகையைத் தடுக்காது, வலைப்பையைத்தான் தடுக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன். இரண்டையும் சொன்னேன். மனு எழுதித் தர வருவீர்களா என்று கேட்டார்கள். வருவதாகச் சொன்னேன். இரண்டு முறை போயிருக்கிறேன். அவர்கள் சொல்ல நான் எழுதிய அந்த மனு 'நாங்கள்' என்று தொடங்குகிறது. அதில் நான் இல்லை.

இதனால் கடல் குளிரவில்லை. இந்தக் கோடையிலும் அவர்கள் சூடான நீருக்குள்தான் முங்கினார்கள். கல்லூரியில் நான் செய்ய முடிந்தது சிறியது. அந்தப் பழைய குறிப்பைத் திருத்தினேன். போன பருவத்தில் அதே கேள்வியைக் கேட்டேன், விடைகள் வேறாக வந்தன. ஒருத்தி மட்டும் பழைய நோட்ஸைப் பார்த்து எழுதியிருந்தாள். மதிப்பெண்ணைக் குறைக்காமல், விடைக்குக் கீழே அவளுக்கு ஒரு குறிப்பு எழுதினேன்: உங்கள் தெருவில் கடலுக்குப் போகிற யாரையாவது கேட்டுவிட்டு வந்து என்னிடம் பேசு.

மனு எழுதப் போன நாளில் திடீரென்று மழை வந்தது. அக்காவின் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். கூரையில் ஓலை கிழிந்த இடத்தில் நீல நிற ஃப்ளெக்ஸ் ஒன்றை விரித்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். எழுத்துள்ள பக்கம் உள்ளே பார்த்தபடி, ஆமையின் கால் பக்கத்தில் என் வரியில் பாதி தெரிந்தது.

"நல்ல கெட்டித் துணி டீச்சர்" என்றார் அக்கா. "ஒரு பொட்டுத் தண்ணி ஒழுகல."